தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

மாம்பலம் மூன்றாம்மாடி

மன்றத்தில் எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூர்வீகம் போடிநாயக்கனூர். மலையில் ஏலத்தோட்டம் இருந்தது. இப்போது அத்தை வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். தாத்தாவிடம் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. 12 போர் (குழல் வாயின் அளவு அது), வெளியே குதிரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தி, வைத்த பழைய மாடல். இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு இருக்கும் அதே கடிகாரக் கடைதான். தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸ் அப்பா பேருக்கு மாறியது. அப்பா பேங்க் வேலையில் மாற்றலாகிச் சென்னை வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

அதைச் சுட்டு நான் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும். தையல் மெஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் வரிசையில் உட்கார்ந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு மறுநாள் உள்ளே போய்விடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது வழக்கம்போல ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்பா ஒரு துப்பாக்கிக் கடையில் டெபாசிட் செய்தார். அப்புறம் அவருக்கு உடம்பு முடியாமல் போய், திரும்ப வாங்கவில்லை. போன ஐப்பசியில் காலமாகிவிட்டார்.

இப்போது கடைக்காரர் போன் செய்து "என்ன செய்யப் போறீங்க சார், ஒரு முடிவு சொல்லுங்க" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அத்தை: "எங்கப்பா புலி அடிச்சதுக்கு வெள்ளைக்கார துரை கொடுத்த பரிசு அது. குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது." அமெரிக்காவில் இருக்கும் தம்பி: "நூறு வருஷத்துக்கு மேல ஆனது ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம், எனக்கு அனுப்பிவிடு." என் மனைவி: "பிள்ளைகள் இருக்கும் ஃபிளாட்டுக்குள் அது வரவே வேண்டாம்." மூன்று பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் சிக்கல்.

சட்டம் தெரிந்தவர்கள், பழம்பொருள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பேரிப் பக்கம்

முதலில் தம்பியின் வாயை அடைத்துவிடுவோம். அவர் சொல்வது அவர் ஊர்ச் சட்டம். அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் தயாரித்ததை ஆன்டிக் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் 1959 ஆயுதச் சட்டத்தில் அப்படி வருடக் கோடு எதுவும் கிடையாது. 45ஆம் பிரிவில் பழம்பொருள் மதிப்புள்ள, வழக்கொழிந்த ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதை முழுக்கப் படிக்க வேண்டும்: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. உங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு 12 போர் தோட்டா இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. குழலும் குதிரையும் நன்றாக இருக்கின்றன. அதற்கு நூற்றைம்பது வயது ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான்.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, அபராதமும் சேர்த்து. "தாத்தா ஞாபகமா வச்சிருந்தேன் ஐயா" என்பது தண்டனையைப் பற்றிப் பேசும்போது வேண்டுமானால் உதவும், வழக்கைத் தடுக்காது.

தம்பிக்கு அனுப்புவதும் நடக்காது. நூறு வருடம் தாண்டியது என்று அவரே சொல்கிறார் இல்லையா? அப்படியானால் 1972 தொல்பொருள் சட்டம் வந்து நிற்கும். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

நல்ல செய்தி: அப்பா டெபாசிட் செய்துவிட்டுப் போனது உங்களுக்குப் பெரிய உபகாரம். லைசென்ஸ்தாரர் இறந்தபின் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. உங்களுடையது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ஆனால் காலவரையில்லாமல் கிடக்கவிட முடியாது. குறித்த காலத்துக்குள் வாரிசு எடுக்கவோ விற்கவோ இல்லையென்றால் அரசு பறிமுதல் செய்துகொள்ளலாம். கடைக்காரர் அவசரப்படுத்துவது அதனால்தான். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

வாரிசாக எடுக்க 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி வழி வைத்திருக்கிறது. சென்னையில் உரிமம் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். வெளி மாவட்டம் என்றால் கலெக்டர். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே கணக்குதான்.

பெட்ரோமாக்ஸ்

ஒரு வரியில் சொல்கிறேன். ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். இரும்பை வைத்துக்கொண்டு என்ன தாத்தா பாசம்?

சிவகங்கைச் சீமை

பெட்ரோமாக்ஸ் அண்ணன் எல்லா இழையிலும் இதே மாதிரிதான் பேசுவார், கண்டுகொள்ளாதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் துப்பாக்கி பரம்பரையாக இருப்பதே கொஞ்சம் அபூர்வம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் தூக்கில் போட்ட கையோடு கம்பெனிக்காரன் செய்த அடுத்த வேலை ஆயுதங்களைப் பிடுங்கியது. 1801 டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட பிரகடனம் தெற்குச் சீமை முழுவதிலும் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. துப்பாக்கி, ஈட்டி எல்லாம் போயிற்று. பாளையக்காரர் கோட்டைகளையும் இடித்தார்கள்.

ஆகவே யாராவது "இது எங்கள் பாட்டன் மருது பாண்டியரோடு நின்று சுட்ட துப்பாக்கி" என்று காட்டினால் நான் முதலில் குழலைப் பார்ப்பேன். பத்தில் ஒன்பது, பர்மிங்காமில் அடித்த முத்திரையோடு இருக்கும். அதுவும் 1860க்குப் பிறகு செய்ததாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு, லைசென்ஸ் எடுத்து வாங்கியவை. ஜமீன்தார், மிட்டாதார், பெரிய மிராசு, எஸ்டேட்காரர், வெள்ளைக்காரனுக்கு வேண்டப்பட்டவர். யாரிடம் துப்பாக்கி இருந்தது என்ற பட்டியலைப் பார்த்தால், அரசாங்கம் யாரை நம்பியது என்பது தெரிந்துவிடும்.

அதனால் உங்கள் அத்தையின் 'துரை கொடுத்த பரிசு' கதையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். கோபப்படாதீர்கள்.

குழல் துடைப்பவன்

நான் ரைஃபிள் கிளப்பில் இருக்கிறேன், பழைய துப்பாக்கிகள் மேல் பைத்தியம். பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரம், நகை மட்டும் விற்கவில்லை; அந்தக் காலத்தில் ஓக்ஸ் அண்ட் கோ மாதிரி மதராஸ் கடைகளும் தங்கள் பெயர் பொறித்துத் துப்பாக்கி விற்றன. செய்தது பெரும்பாலும் இங்கிலாந்தில், பெயர் மட்டும் இந்தக் கடையுடையது.

கடைக்காரரிடம் போய்க் குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தொட வேண்டாம், அவரே காட்டட்டும். குழலின் அடிப்பக்கம், வழக்கமாகக் கட்டைக்குள் மறைந்திருக்கும் தட்டையான பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அவற்றைப் போட்டோ எடுங்கள். பார்க்க வேண்டியவை:

கிரீடத்துக்குக் கீழே குறுக்கே இரண்டு செங்கோல், அல்லது கிரீடத்துக்குக் கீழே 'பி.பி', 'பி.வி' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பர்மிங்காம் பரிசோதனைக் கூடம். டைமண்ட் வடிவக் கட்டத்துக்குள் 12, அதோடு 'சி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1887 முதல் 1925 வரையிலான காலம். 'நாட் ஃபார் பால்' என்று இருந்தால் 1875இலிருந்து 1887 வரை. 'நைட்ரோ', அதாவது பிற்காலத்துப் புகையில்லா வெடிமருந்து, என்ற சொல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அது இல்லையென்றால் அந்தக் குழலைப் பழைய கரிமருந்துக்கு மட்டும்தான் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பரம்பரைத் துப்பாக்கி கையில் வந்ததும் பலருக்கு "ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமே" என்று தோன்றும். பழைய பிரிட்டிஷ் 12 போர்களின் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இப்போது வரும் தோட்டா இரண்டே முக்கால். உள்ளே போகும், மூடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல இருக்கும். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழல் டமாஸ்கஸ் வகையாக இருந்தால், அதாவது இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கிச் சுருட்டிப் பற்றவைத்தது என்றால், நூறு வருடத் துரு உள்ளே எந்த மடிப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இடது கை அங்கேதான் பிடித்திருக்கும்.

குழல்மேல் தண்ணீரில் எண்ணெய் படர்ந்ததுபோல வரிவரியாக அலை தெரிந்தால் அது டமாஸ்கஸ். தயவுசெய்து யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, வேண்டுமென்றே ஏற்றிய நிறம். ஒரு நல்ல குழலை அப்படி வெள்ளி மாதிரி ஆக்கி வைத்திருந்ததைப் பார்த்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடையாறு ஆலமரம்

எல்லாரும் துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முன்பக்கத்தில் நின்றவர்கள் வீட்டிலிருந்து ஒருத்தி எழுதுகிறேன்.

எங்கள் ஆச்சி வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சம்பள நாளில் ஆபீஸ் மேஜைமேல் ஒரு இரட்டைக் குழலைப் படுக்க வைத்திருப்பார்களாம். சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. கணக்கில் குறைந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் காசை வாங்கி முடிந்துகொண்டு போய்விடுவார்கள். அந்தத் துப்பாக்கியின் முனை எப்போதும் வரிசை நிற்கும் பக்கமாகத்தான் இருக்கும் என்று ஆச்சி சொல்வார். துப்பாக்கியின் பேர், கம்பெனி, போர் எதுவும் அவருக்குத் தெரியாது. முனை எந்தப் பக்கம் என்பது மட்டும் சாகும்வரை மறக்கவில்லை.

உங்கள் தாத்தா அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது' என்று துப்பாக்கியைக் கொஞ்சும்போது, அந்தக் கதையில் வேறு ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூதாதையர் நினைவாக வந்தது ஒரு கொழுந்துக் கூடைப் பட்டை. அதற்கு லைசென்ஸ் தேவைப்படவில்லை.

பெட்ரோமாக்ஸ்

அம்மா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

சிவகங்கைச் சீமை

ஆலமரம் சொல்வதை மறுக்க முடியாது. நான் எழுதிய 'அரசாங்கம் யாரை நம்பியது' என்பதன் மறுபக்கம் இது.

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பெரிய வீட்டுத் துப்பாக்கி மட்டும்தான் பரம்பரைத் துப்பாக்கி என்று இல்லை. நரிக்குறவர் குடும்பங்களில் குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. அது அவர்களுக்குப் பெருமைக்கான பொருள் இல்லை, அன்றாடச் சோறு. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்தப் பிழைப்பு போனது. ஜமீன் வீட்டுத் துப்பாக்கி ஷோகேஸுக்குப் போனபோது அவர்கள் வீட்டுத் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆயிற்று.

கோடம்பாக்கத்துக் குடகு மருமகன்

தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். பெண் எடுத்தது குடகில், அதனால் எழுதுகிறேன்.

குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அங்கே துப்பாக்கி பூஜையறைப் பக்கம்தான் இருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போல்து என்று ஒரு பண்டிகை, நம் ஆயுத பூஜை மாதிரி. துப்பாக்கியைத் துடைத்து வைத்துக் குழல் முனையில் ஒரு பூவைச் சொருகுவார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் செங்காந்தள். நம் மாநிலப் பூவை அங்கே துப்பாக்கி வாயில் பார்த்தபோது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு வீட்டில் இரண்டு வெடி. வெடிச் சத்தத்தை எண்ணிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்.

அங்கே அது வீட்டின் வாழ்க்கையோடு இருக்கிறது. மாம்பலம் ஃபிளாட் பீரோவுக்குள் போர்வையில் சுற்றி வைத்திருப்பது அந்த வகையில் சேராது. மன்னிக்கவும், மனதில் பட்டதைச் சொன்னேன்.

எழும்பூர் நடை

மியூசியத்துக்குக் கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே படைக்கலப் பகுதியில் இருப்பவற்றில் பெரும்பகுதி தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்தும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆயுதக் கிடங்கிலிருந்தும் வந்தது. கட்டாரிகளைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை மியூசியத்திலும் துப்பாக்கி, பிஸ்டல் எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு 12 போர் வேட்டைத் துப்பாக்கி, அதுவும் ஆயிரக்கணக்கில் வந்த ரகம், அப்படியே காட்சிக்குப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். துப்பாக்கியை மட்டும் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லவே வாய்ப்பு அதிகம்.

மியூசியக்காரர்கள் கேட்பது முதலில் ஒன்றைத்தான்: "இதனோடு பேப்பர் என்ன இருக்கு?" வாங்கிய ரசீது, பழைய லைசென்ஸ் புத்தகம், தாத்தா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ, கடிதம். இவை இருந்தால் ஒரு சாதாரணத் துப்பாக்கிக்கும் ஒரு இடம், ஒரு காலம், ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார்கள். மாம்பலம், உங்களிடம் பழைய லைசென்ஸ் இருக்கிறதா? துப்பாக்கியை விட எனக்கு அதில்தான் ஆர்வம்.

புழல் ஏரிக்கரை

வாரிசு லைசென்ஸ் வாங்கிய அனுபவம் உள்ளவன். மாமனார் துப்பாக்கி, என் மனைவி பேருக்கு எடுத்தோம். இறப்புச் சான்று, தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தது, பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்பதற்கு விவரம், எல்லாம் கேட்டார்கள். அப்புறம் போலீஸ் விசாரணை. லைசென்ஸ் கிடைத்தால் இப்போது 5 வருடம் செல்லும். தேசிய தரவுத்தளத்தில் ஏறி, தனி எண் வந்திருக்க வேண்டும். அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது.

எங்கள் ஃபைல் ஒரு அலுவலகத்தில் ஒரு மேஜைக்கடியில் கிடந்து பல்லாங்குழி ஆடிவிட்டுத்தான் வந்தது. "இந்தக் காலத்துல லேடீஸுக்கு எதுக்கும்மா துப்பாக்கி" என்று கேட்டவரிடம் என் மனைவி "என் அப்பாவுது சார்" என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள்.

விற்கலாம் என்றால் வாங்குபவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது துப்பாக்கியை எல்லாரும் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. சந்தையில் பழசு குவிந்து விலை விழுந்தது. பெரிய பணம் வரும் என்று நினைக்காதீர்கள்.

மாம்பலம் மூன்றாம்மாடி

எல்லாருக்கும் நன்றி. ஆலமரம் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "தோட்டத்தில் வேலை செய்தவர்களும் உன் தாத்தா முன்னால் நின்று பேசியதில்லை" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, கேட்க வேண்டும்.

எழும்பூர் நடை கேட்டதும் அப்பாவின் ஃபைலைத் தேடினேன். பழைய லைசென்ஸ் புத்தகங்கள் ஒரு ரப்பர் பேண்டில் இருந்தன. ரப்பர் உருகி அட்டையோடு ஒட்டியிருந்தது. படித்துக்கொண்டே போனால் நேரம் போனதே தெரியவில்லை. முதல் புத்தகத்தில் மதுரை ஜில்லா மாஜிஸ்திரேட் முத்திரை. எதற்காக என்ற இடத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு'. பின்பக்கத்தில் தோட்டா வாங்கிய விவரம் கடைக்காரர் கையெழுத்தோடு வரிசையாக இருக்கிறது. ஏலக்காய் பறிக்கிற காலத்துக்கு முன்னால் கொஞ்சம், அப்புறம் நீண்ட இடைவெளி, மறுபடியும் அடுத்த வருடம். யுத்த காலத்தில் எதுவுமே இல்லை. 1972க்குப் பிறகு அநேகமாக நின்றேவிட்டது. பிறகு புதுப்பித்தல் முத்திரைகள் மட்டும். 1996இல் தேனி தனி மாவட்டம் ஆனதும் முத்திரை மாறுகிறது, கடைசியில் சென்னை. தாத்தாவின் கையெழுத்து முதல் பக்கத்தில் நிமிர்ந்து இருக்கிறது, கடைசிப் புதுப்பித்தலில் கோடு மாதிரி ஆகிவிட்டது. அவர் கையெழுத்தை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

அந்தப் புத்தகத்துக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம். தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜர், தன் 12 போர் துப்பாக்கியைத் தாத்தாவுக்கு விற்றதாக எழுதிக் கொடுத்த ரசீது, முப்பதுகளில் எழுதியது. பணத்தை இரண்டு தவணையாக, ஏலக்காய் விற்றபின் கொடுப்பதாக ஒப்பந்தம். கீழே இரண்டாவது தவணை பெற்றதற்கு ஒரு கிறுக்கல். புலியும் இல்லை, பரிசும் இல்லை.

கடையில் குழலைக் கழற்றிக் காட்டினார்கள். டைமண்டுக்குள் 12, சி. நைட்ரோ இல்லை. போட்டோ இணைத்திருக்கிறேன், சீரியல் எண்ணை மறைத்துவிட்டேன்.

குழல் துடைப்பவன்

அருமை. அப்படியானால் 1887க்கும் 1925க்கும் நடுவில், கரிமருந்துக் குழல். மேனேஜர் வாங்கும்போதே அது பழைய துப்பாக்கியாக இருந்திருக்கலாம். போட்டோவில் வலது குழல்மேல் அலை தெரிகிறது, டமாஸ்கஸ்தான். யாரிடம் போனாலும் சுட வேண்டாம் என்று எழுதிக் கட்டி அனுப்புங்கள்.

கட்டையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறதே, அது நீளுகிறதா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் போட்டோவில் தெரியும் அந்தத் தோல் உறை. சென்னைக் காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பை அரிக்கும். உறையைத் தனியாக, துப்பாக்கியைத் தனியாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் யாரும் போட வேண்டாம். குழலுக்குத் துப்பாக்கி எண்ணெய் லேசாக, கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ரெண்டு சொட்டு, அவ்வளவு போதும்.

சிவகங்கைச் சீமை

துரை கொடுத்த பரிசை விட ஏலக்காய் விற்றுத் தவணையில் வாங்கியது எனக்குப் பல மடங்கு உசத்தியாகத் தெரிகிறது. யாரிடமும் கைநீட்டாமல் வாங்கியிருக்கிறார். அத்தை என்ன சொன்னார்?

மாம்பலம் மூன்றாம்மாடி

"துரை வெட்கப்பட்டுக்கிட்டு ரசீது எழுதிக் கொடுத்திருப்பாரு" என்றார். புலியை விடுவதாக இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் முடிவுக்கு வந்துவிட்டோம். அத்தை மகனுக்குத் தேனியில் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்கிறது, ஒரே ஒரு துப்பாக்கி. இதை இரண்டாவதாகச் சேர்க்க அங்கே விண்ணப்பம் போடுகிறார். இங்கே நானும் தம்பியும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கிறோம். அதுவரை கடையிலேயே இருக்கும், வாடகை நான் கட்டுகிறேன். என் மனைவிக்கு நிம்மதி. தம்பி இரண்டு நாள் கோபமாக இருந்தான், அப்புறம் ரசீதின் போட்டோவைத்தான் அவன் வாட்ஸாப் முகப்பில் வைத்திருக்கிறான்.

ஒரு சந்தேகம். பழைய லைசென்ஸ் புத்தகங்களைத் திருப்பிக் கேட்பார்களா?

வேப்பேரிப் பக்கம்

அப்பா பேரில் கடைசியாக நடப்பில் இருந்ததைக் கண்டிப்பாகக் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தாத்தா காலத்துப் புத்தகங்களைக் கேட்கவில்லை என்றால் நீங்களாக நீட்ட வேண்டாம். கேட்டால் நகல் கேட்டு ஒரு மனு கொடுங்கள். கடையில் டெபாசிட் ரசீதைப் புதுப்பித்து, வாரிசாக உங்கள் பெயரை அதில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடையாறு ஆலமரம்

அம்மாவிடம் கேட்டால் இங்கே எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பெயர் ஒன்றிரண்டாவது அவருக்கு ஞாபகம் இருக்கும். ரசீதில் அவர்கள் பெயர் இருக்காது, ஆனால் அந்த ஏலக்காயைப் பறித்தவர்கள் அவர்கள்தான்.

மாம்பலம் மூன்றாம்மாடி

கேட்கிறேன். இந்த வாரமே.

எழும்பூர் நடை

ஸ்கேன் எடுக்கும்போது ரப்பரைப் பிய்த்து எடுக்காதீர்கள், அட்டையும் சேர்ந்து வரும். ஒட்டியிருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ரசீதை நான்கு மடிப்பிலேயே வைத்திருந்தால் மடிப்பு கிழியும். விரித்து, கனமான புத்தகத்துக்குள் சில நாள் வைத்துச் சமமாக்குங்கள். பிறகு அமிலமில்லாத காகித உறை ஒன்றில் போடுங்கள். மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பத்திரமாக இருக்கட்டும் என்று தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். சூட்டில் மையும் காகிதமும் கெடலாம், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.